தரைக்கு அடியில் பழைய கழிவுக் குழாய்: அறிகுறி பார்த்து, சுரங்கம் வெட்டி மாற்றும் வழிமுறை

மலைநாட்டில் ஐம்பது, அறுபது வயதைத் தாண்டிய கட்டடம் என்றால் அதன் தரைக்கு அடியில் கிடப்பது பெரும்பாலும் மண் குழாய்தான். களிமண்ணைச் சுட்டு, உப்புப் பளபளப்பு ஏற்றி, இரண்டடி மூன்றடித் துண்டுகளாக வந்தவை. ஒரு துண்டின் நுனியை அடுத்த துண்டின் அகன்ற வாய்க்குள் செருகி, தாரில் நனைத்த சணலைச் சுற்றித் திணித்து, வெளியே சீமெந்துச் சாந்து பூசியிருப்பார்கள். பெரிய பங்களாக்களில் வார்ப்பிரும்புக் குழாயும் உண்டு. அதன் பொருத்துகளில் ஈயம் ஊற்றியிருக்கும். மண் குழாய் நூறு வருடமும் கிடக்கும், பொருத்து கிடக்காது. சீமெந்துச் சாந்துக்கு வளையத் தெரியாது. சரிவில் நிற்கும் வீட்டின் மண்ணோ ஒவ்வொரு மழைக்காலத்திலும் மயிரிழையாவது அசையும். முதலில் சாந்து வெடிக்கும், பிறகு வேர் நுழையும், பிறகு தண்ணீர் வெளியேறி மண்ணைக் கரைக்கத் தொடங்கும்.

ஹட்டன், டிக்கோயா, பண்டாரவளைப் பக்கங்களில் இந்த வேலையைப் பல வருடங்களாகச் செய்து வருகிறேன். கூப்பிடுகிறவர்கள் பெரும்பாலும் ஒரே கேள்வியைத்தான் கேட்கிறார்கள்: டைல்ஸ் பதித்த தரையை உடைக்காமல், அடியால் சுரங்கம் போட்டுக் குழாயை மாற்ற முடியுமா? முடியும். ஆனால் எந்த அறிகுறிக்கு எந்த வேலை என்று பார்க்காமல் மண்ணில் அலவாங்கைப் போட்டால், கசியும் குழாயைவிடப் பெரிய தீங்கை வீட்டுக்கு அடியில் நாமே வைத்துவிடுவோம்.

ஒரே இடத்தில் மட்டும் தண்ணீர் இறங்கவில்லை

குசினித் தொட்டி மட்டும் அடைத்திருக்கிறது, மற்றவை ஒழுங்காக இறங்குகின்றன என்றால் கோளாறு தொட்டிக்குக் கீழே உள்ள வளைவில் இருக்கிறது. கழற்றிக் கழுவினால் போதும். தண்ணீர் நன்றாக இறங்கியும் நாற்றம் மட்டும் வந்தால், நெடுநாள் பாவிக்காத குளியலறையின் தரை வளைவில், நாற்றத்தை மறிக்கத் தேங்கி நிற்கும் நீர் காய்ந்திருக்கும். ஒரு வாளி தண்ணீர் ஊற்றிவிட்டு மறுநாள் பாருங்கள். மலசலகூடத்தில் தண்ணீர் ஊற்றும்போது பக்கத்துத் தொட்டியில் ‘களக் களக்’ என்று சத்தம் வந்தால் கூரைக்கு மேல் போகும் காற்றுக் குழாயின் வாயைப் பாருங்கள். குளவிக் கூடோ பறவைக் கூடோ அடைத்திருக்கும். இவற்றுக்காக யாரும் மண் வெட்டக் கூடாது.

எல்லாமே மெதுவாக இறங்குகிறது, கீழ்த்தளத்தில் மேலெழும்புகிறது

இது பிரதான குழாயின் கோளாறு. கட்டடத்துக்கு மேற்பக்கத்தில் உள்ள மேன்ஹோலையும் கீழ்ப்பக்கத்தில் உள்ளதையும் திறந்து வையுங்கள். மேலே நிறைந்து, கீழே காலியாக இருந்தால் அடைப்பு இரண்டுக்கும் நடுவில், அதாவது வீட்டுக்கு அடியில். இரண்டும் நிறைந்திருந்தால் அடைப்பு இன்னும் கீழே, அல்லது மலக்குழி நிறைந்துவிட்டது. அப்போது கூப்பிட வேண்டியது பவுசரை, மேசனை அல்ல.

கம்பு விட்டு அடைப்பை எடுக்கும்போது அதன் நுனியில் என்ன வருகிறது என்று கவனியுங்கள். கொழுப்பும் துணியும் வந்தால் குழாய் நல்லது, பாவனைதான் பிழை. வேர் வந்தால் பொருத்து திறந்திருக்கிறது. செம்மண்ணும் மண்குழாய்ச் சில்லும் வந்தால் குழாய் உடைந்து கூரை விழுந்துவிட்டது; அதற்குமேல் கம்பை ஓங்கிக் குத்தாதீர்கள், மிச்சமும் விழும். டிக்கோயாவில் ஒரு வீட்டில் ஒரு பொருத்திலிருந்து நான் இழுத்தெடுத்த வேர் இரண்டு முழ நீளம். நாலங்குலக் குழாயின் உருளை வடிவத்தை அப்படியே எடுத்து, பின்னிய கூந்தல்போல இறுகி, கைக்குக் கனமாக இருந்தது. குழாய்க்குள் நுழைந்த இடத்திலோ அது தையல் நூல் அளவு. இருபதடி தள்ளி நின்ற டர்பன்டைன் மரத்தின் வேர் அது. அந்த நூலளவு இடைவெளிதான் முழுக் கதையும்.

அடைப்பு எடுத்த பிறகு கண்ணாடிச் சோதனை செய்யுங்கள். செலவில்லாதது, பழையது, இன்றும் நம்பலாம். மேல் மேன்ஹோலில் ஒருவர் டோர்ச் லைட்டைக் குழாய்க்குள் காட்ட வேண்டும். கீழ் மேன்ஹோலில் மற்றவர் முகம் பார்க்கும் கண்ணாடியைச் சாய்த்துப் பிடித்துப் பார்க்க வேண்டும். முழு வட்டமாக வெளிச்சம் தெரிந்தால் குழாய் நேராக இருக்கிறது. பிறைபோலத் தெரிந்தால் நடுவில் தொய்ந்திருக்கிறது. எதுவும் தெரியாவிட்டால் வளைந்தோ உடைந்தோ இருக்கிறது. கமெரா வாடகைக்குக் கிடைத்தால் இன்னும் நல்லது. உடைந்த இடம் வாயிலிருந்து எத்தனை அடி என்று அளவோடு சொல்லிவிடும். அந்த அளவு சுரங்கத்தைப் பாதியாகக் குறைக்கலாம்.

மழை பெய்தால் மட்டும் தொல்லை

முதலில் கூரைப் பீலியின் தண்ணீர் எங்கே போகிறது என்று பாருங்கள். பல வீடுகளில் யாரோ ஒருவர் இடையில் அதைக் கழிவுக் குழாயில் இணைத்திருப்பார். அதைப் பிரித்து வெளிக் கானில் விட்டாலே பாதி வீடுகளில் பிரச்சினை தீர்ந்துவிடும்.

இணைப்பு இல்லை என்றால், மழை விட்ட இரவில், வீட்டில் எல்லோரும் படுத்த பிறகு, கீழ் மேன்ஹோலைத் திறந்து பாருங்கள். யாரும் ஒரு சொட்டுத் தண்ணீர் பாவிக்காத நேரத்தில் தெளிந்த நீர் ஓடிக்கொண்டிருந்தால் நிலத்தடி நீர் உடைந்த பொருத்துகளின் வழியே உள்ளே வருகிறது. கலங்கிய செந்நீர் என்றால் அவசரம். குழாய்க்கு வெளியே இருக்கும் மண் ஒவ்வொரு மழைக்கும் உள்ளே கரைந்து போகிறது என்று அர்த்தம். அந்த மண் உங்கள் தரையைத் தாங்கிக்கொண்டிருந்த மண்.

மழையே இல்லை, கீழ்ப்பக்கம் மண்ணைத் தாங்கும் மதில் மட்டும் ஈரம்

எனக்கு மிகவும் கவலை தரும் அறிகுறி இது. சமவெளியில் கசியும் தண்ணீர் வீட்டைச் சுற்றி ஊறி நிற்கும், வீட்டுக்காரருக்கே தெரிந்துவிடும். மலையில் அது சரிவோடு இறங்கிக் கீழ்வீட்டின் பின்சுவருக்குப் பின்னால் போய் நிற்கிறது. மேலே இருப்பவருக்கு எந்தத் தொல்லையும் இல்லை. மார்கழிக்குப் பிந்திய வறட்சியில் சுற்றியெல்லாம் புல் காய்ந்திருக்க ஒரு திட்டு மட்டும் பச்சையாக இருப்பதும், மதிலின் வடிகால் துவாரங்களில் ஒன்று மட்டும் எப்போதும் சொட்டிக்கொண்டிருப்பதும், கீழ்வீட்டுக் குழந்தைகள் ‘அங்கே நாற்றம்’ என்று சொல்வதும் சின்ன விடயங்கள் அல்ல. 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி கொஸ்லந்தை மீரியபெத்தையில் லயன்களை மூடிய மண்ணை நம்மில் யாரும் மறக்கவில்லை. அங்கே காரணம் அடைமழையும் மலையும். ஆனால் நீர் ஊறிய சரிவு எப்படி இறங்கும் என்பதை அது எல்லோருக்கும் காட்டியது. நாம் ஒரு குழாயால் வருடம் முழுவதும் ஒரு சரிவை ஊறவைத்துக்கொண்டிருக்கக் கூடாது.

கசிவு உங்கள் குழாயிலிருந்துதானா என்று அறிய நிறம் ஊற்றிப் பாருங்கள். நம்மில் பலர் கொண்டிஸ் (பொட்டாசியம் பரமங்கனேற்று) கரைத்து ஊற்றுகிறார்கள். அது சரிவராது. கழிவோடு சேர்ந்ததும் கொண்டிஸின் ஊதா நிறம் மங்கிப் பழுப்பாகிவிடும், செம்மண்ணில் பழுப்பு தெரியவே தெரியாது. கேக்குக்குப் போடும் நீல நிறத்தை ஒரு வாளி தண்ணீரில் கரைத்து மலசலகூடத்தில் ஊற்றி, அதன்மேல் நாலைந்து வாளி தண்ணீர் விடுங்கள். மதிலில் சொட்டும் இடத்தில் வெள்ளைத் துணி கட்டி வையுங்கள். சில மணித்தியாலத்திலும் வரலாம், இரண்டு நாளும் ஆகலாம், களிமண் அவசரப்படாது.

அடுத்தது நீர்ச் சோதனை. கீழ் மேன்ஹோலில் குழாயின் வாயை இறுக்கி அடைத்து, மேல் மேன்ஹோல் வழியாகக் குழாயை நிரப்புங்கள். நீர்மட்டம் கீழ்த்தளத் தரை வளைவுக்கு ஒரு சாண் கீழே நிற்க வேண்டும். அதற்குமேல் போனால் வீட்டுக்குள் வரும். பழைய மண் குழாய் முதலில் கொஞ்சம் நீரைக் குடிக்கும், ஆகவே ஒரு மணித்தியாலம் விட்டு மறுபடி நிரப்பி, சோக்கால் கோடு போட்டு, அரை மணித்தியாலம் காத்திருங்கள். கோட்டிலிருந்து விரலளவு இறங்கினால் கசிவு எங்கோ ஒரு பொருத்தில். கண் முன்னாலேயே இறங்கினால் குழாயே இல்லை, பொந்துதான் இருக்கிறது.

தரை வெற்றாக ஒலிக்கிறது

மண்வெட்டியின் மரப்பிடி அல்லது ஒரு விறகுக் கட்டையால் தரையைச் சாணுக்குச் சாண் தட்டிக்கொண்டு போங்கள். கெட்டி மண்மேல் உள்ள தரை மந்தமாக ஒலிக்கும். அடியில் பொந்து இருந்தால் மேளம்போல ஒலிக்கும். ஒலி மாறும் இடத்தைச் சோக்கால் குறியுங்கள். குறிகளைச் சேர்த்தால் பெரும்பாலும் குழாய் போகும் பாதையே தரையில் வரைந்து நிற்கும். பண்டாரவளையில் ஒரு அம்மா என்னிடம், “தம்பி, பேரனின் கோலிக்குண்டு எங்கே போட்டாலும் இந்த மூலைக்குத்தான் ஓடுகிறது” என்றார். மூன்று மேசன்கள் வந்து காணாததை அந்தக் குண்டு கண்டுபிடித்திருந்தது. அந்த மூலையில் தரைக்கும் மண்ணுக்கும் நடுவே என் கை முழங்கை வரை உள்ளே போயிற்று.

இந்த அறிகுறி தெரிந்த அறையில் பாரமான அலுமாரியை, நீர்த்தாங்கியை அகற்றுங்கள். அந்தத் தரைக்கு அடியில் யாரும் ஊர்ந்து போகக் கூடாது. இங்கே சுரங்கம் வேண்டாம்; மேலிருந்து தரையை உடைத்தே வேலை செய்ய வேண்டும். டைல்ஸ் போனால் போகட்டும்.

சுரங்கம் யாருக்குப் பொருந்தும்

என் ஒழுங்கு எப்போதும் இதுதான். முதலில், குழாயை வீட்டுக்கு வெளியே சுற்றிக் கொண்டுபோக முடியுமா என்று பார்க்கிறேன். மலைச்சரிவில் வீழ்ச்சி தாராளம். பழைய குழாயை அடைத்துச் சாந்தால் நிரப்பிவிட்டு, புதியதைச் சுவரோரமாகப் போட்டால் பெரும்பாலான வீடுகளுக்கு அதுவே போதும். முடியாதபோது தரையை உடைப்பது. அதுவும் முடியாத இடத்தில் மட்டும் சுரங்கம்: கனமான கொங்கிரீட் தரை, மேலே நகர்த்த முடியாத இயந்திரங்கள், நாளும் இயங்க வேண்டிய பேக்கரி அல்லது மருந்துக்கடை, இரண்டு மூன்று அறை தாண்டிப் போகும் குழாய்.

சுரங்கத்துக்கு மேலே உள்ள தரை தன்னைத் தானே தாங்க வேண்டும். கம்பி கட்டிய கொங்கிரீட் தரை என்றால் மூன்றடி இடைவெளியைத் தாண்டி நிற்கும். நம் பழைய வீடுகளின் தரையோ பெரும்பாலும் உடைகல் பரப்பி, அதன்மேல் இரண்டு மூன்று அங்குலக் கம்பியில்லாக் கொங்கிரீட். அடியில் மண் இல்லாவிட்டால் அது அப்பளம். லயன் அறைகளில் கல் பரப்புகூடக் கிடையாது. ஒரு மூலையில் சிறு துளை போட்டுத் தடிப்பையும் கம்பியையும் கண்ணால் பார்க்காமல் முடிவெடுக்காதீர்கள்.

இரண்டாவது கேள்வி, அந்த இடம் வெட்டிய மண்ணா, நிரப்பிய மண்ணா என்பது. சரிவில் வீடு கட்டும்போது மேற்பக்கத்தை வெட்டி, அந்த மண்ணைக் கீழ்ப்பக்கத்தில் கொட்டிச் சமமாக்குவார்கள். ஆகவே ஒரே வீட்டின் பாதி மலைமேலும் மறுபாதி கொட்டிய மண்மேலும் நிற்கும். இரண்டும் சேரும் கோட்டில்தான் குழாயும் அதிகமாக உடைகிறது. வெட்டிய மண்ணில் பழைய பாறையின் வரிகள் தெரியும், மண்வெட்டிக்கு இறுக்கமாக இருக்கும். கொட்டிய மண்ணில் கரித்துண்டு, ஓட்டுச் சில்லு, தேயிலை வேர் எல்லாம் கலந்திருக்கும். தெமோதர ரயில் நிலையத்துக்கு நேர் கீழே சுரங்கம் போகிறது. ரயில் வளைந்து இறங்கித் தன் நிலையத்துக்கே அடியால் ஓடுகிறது. ‘அது நிற்கவில்லையா, இது நிற்காதா’ என்று என்னிடம் கேட்டவர்கள் உண்டு. அங்கே நடுவில் இருப்பது மலை. இங்கே நடுவில் இருப்பது தாத்தா காலத்தில் தாச்சியில் அள்ளிக் கொட்டிய மண்.

மண்சரிவு அபாயம் குறிக்கப்பட்ட பகுதியில் வீடு இருந்தால் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் மாவட்ட அலுவலகத்தில் கேட்டுவிட்டே வெட்டத் தொடங்குங்கள். உள்ளூராட்சி சபையிலும் சொல்லிவிடுங்கள். கீழ்வீட்டாரிடமும் முன்கூட்டியே போய்ச் சொல்வது மரியாதை மட்டுமல்ல, அவர்கள் பாதுகாப்பும் அதில் இருக்கிறது.

காலத்தையும் பாருங்கள். ஹட்டன், வட்டவளை, தலவாக்கலைப் பக்கம் மே முதல் செப்டெம்பர் வரை தென்மேற்குப் பருவமழை. அங்கே ஜனவரி முதல் மார்ச் வரைதான் வேலைக்கு ஏற்றது. பண்டாரவளை, பதுளைப் பக்கம் மழை ஒக்டோபரிலிருந்து ஜனவரி வரை. அங்கே ஜூன் முதல் ஓகஸ்ட் வரை நல்லது. ஒரே மலைநாடு என்று எண்ணி ஒரே மாதத்தைச் சொல்லக் கூடாது.

வெட்டும் முறை

எந்தப் பக்கத்தால் நுழைவது? மேற்பக்கத்தால் குழி வெட்டினால் மழை நீர் முழுதும் குழிக்குள் வரும். கீழ்ப்பக்கத்தால் நுழைவது இலகுவாகத் தோன்றும். ஆனால் அங்கே இருப்பது கொட்டிய மண்ணும் அதைப் பிடித்து நிற்கும் கல் மதிலும். அந்த மதிலில் ஓட்டை போடக் கூடாது. நான் இயன்றவரை பக்கவாட்டுச் சுவர்ப் பக்கமாக, சரிவுக்குக் குறுக்காக நுழைகிறேன்.

அகலம் 3 அடி, உயரம் 4 அடி. ஒரு ஆள் முழங்காலிட்டு வேலை செய்ய அது போதும், ஒரு அங்குலமும் கூட்ட வேண்டாம். இந்த அளவில் ஒரு அடி முன்னேற வெளியே வரும் ஈரமண் ஏறக்குறைய 600 கிலோ. பன்னிரண்டடி அறையைக் கடக்க ஏழு தொன். அந்த மண்ணைச் சாக்குகளில் கட்டி, மழைத் தாள் போட்டு மூடி வையுங்கள். குழியின் விளிம்பிலிருந்து குறைந்தது இரண்டடி தள்ளி. சரிவின் விளிம்பில் மட்டும் கொட்டாதீர்கள். ஏற்கெனவே ஊறிய சரிவின் தலையில் ஏழு தொன் வைப்பது என்ன என்று யோசித்துப் பாருங்கள்.

ஒவ்வொரு இரண்டடிக்கும் முட்டுக் கொடுக்க வேண்டும். இரு பக்கமும் கம்பு, மேலே குறுக்குக் கட்டை, பக்கங்களில் பலகை. கட்டைக்கும் தரைக்கும் நடுவில் ஆப்பு அடித்து இறுக்குங்கள். முட்டு வைக்காத மண்ணுக்கு அடியில் தலை போகக் கூடாது; இன்னும் அரை அடிதானே என்று நினைக்கும் இடத்தில்தான் மண் விழுகிறது.

அத்திவாரத்தைக் கடப்பது மிகக் கடினமான கட்டம். பழைய அத்திவாரம் கருங்கல்லும் சுண்ணாம்புச் சாந்தும். கல் ஒவ்வொன்றும் தனித்தனியே கீழே உள்ள மண்ணில் உட்கார்ந்திருக்கிறது. அடியை எடுத்தால் ஒன்றன்பின் ஒன்றாக உருவும். சுவருக்குச் செங்குத்தாகக் கடக்க வேண்டும், அகலத்தை இரண்டடியாகக் குறைக்க வேண்டும், ஒரு நேரத்தில் ஒரு சுவரை மட்டும் கடக்க வேண்டும். கற்களுக்கு அடியில் முன்கூட்டி வார்த்த சிறு கொங்கிரீட் விட்டத்தைச் செருகி, இறுகிய சாந்தால் நிரப்பிய பிறகே அடுத்த அடி. சுவரின் மூலைக்கும், மேல்மாடித் தூணுக்கும் அடியில் ஒருபோதும் போகாதீர்கள். அப்படிப் போகத்தான் வேண்டும் என்றால் அது பொறியியலாளர் பார்த்து வரைந்து கொடுக்க வேண்டிய வேலை.

வெட்டும்போது தோன்றும் அறிகுறிகள்

சுரங்க முகத்தில், அதாவது வெட்டிக்கொண்டிருக்கும் மண் முனையில், தண்ணீர் ஊறுகிறது: கழிவு நீர் என்றால் வீட்டில் யாரோ பாவிக்கிறார்கள்; மேல் மேன்ஹோலை அடைத்துவிட்டீர்களா என்று பாருங்கள். தெளிந்த நீர் என்றால் நிலத்தடி நீர். பக்கத்தில் சல்லிக்கல் நிரப்பிய சிறு கான் வெட்டி அதை வெளியே விடுங்கள், ஆனால் தெளிந்தே வர வேண்டும். கலங்கி வந்தால் நிறுத்தி, மணல் சாக்குகளை அடுக்கி முகத்தை மூடுங்கள். நீரை வடித்தால் நிலம் என்ன செய்யும் என்பதை உமா ஓயாத் திட்டச் சுரங்கம் வெட்டியபோது பண்டாரவளையைச் சுற்றிய ஊர்கள் அனுபவித்தன. கிணறுகள் வற்றின, வீட்டுச் சுவர்கள் வெடித்தன. நம் சுரங்கம் சிறியதுதான், மண்ணின் குணம் ஒன்றே.

மேலிருந்து சிறு மண் உதிர்கிறது: பெரிய மண் விழுமுன் சிறு மண் உதிரும். வெளியே வந்துவிடுங்கள். கருவிகளை எடுக்கத் திரும்ப வேண்டாம்.

கதவு இறுகுகிறது, சுவரில் வெடிப்பு: வேலை தொடங்கும் முன்பே பழைய வெடிப்புகளின் குறுக்கே மெல்லிய கண்ணாடித் துண்டுகளைச் சாந்தால் ஒட்டி, திகதி எழுதி வையுங்கள். சுவர் அசைந்தால் முதலில் கண்ணாடி உடையும். காலையில் உள்ளே இறங்குமுன் ஒவ்வொரு கண்ணாடியையும் பார்ப்பது என் வழக்கம். ஒன்று உடைந்திருந்தாலும் அன்று வெட்டுவதில்லை. முட்டுகளைக் கூட்டுவது மட்டுமே.

அழுகிய முட்டை நாற்றம் வந்து, பிறகு மறைகிறது: இதைக் கவனமாக வாசியுங்கள். கழிவுக் குழாயிலிருந்து வரும் ஐதரசன் சல்பைட்டு கூடும்போது மூக்கு மரத்துப்போகிறது. நாற்றம் போய்விட்டது என்று தோன்றும், வாயு போயிருக்காது. பழைய குழாயைத் திறக்கும் நாளில் வெளியிலிருந்து மின்விசிறியால் காற்று ஊத வேண்டும். பெற்றோல் பம்பையும் ஜெனரேட்டரையும் சுரங்க வாயில் வைக்கக் கூடாது; அதன் புகை உள்ளே போனால் நாற்றமே இல்லாமல் ஆளைச் சாய்க்கும். வெளியே எப்போதும் ஒருவர் நிற்க வேண்டும். உள்ளே இருப்பவர் விழுந்தால் அவர் பின்னால் குதிக்கக் கூடாது, இடுப்பில் கட்டிய கயிற்றால் இழுக்க வேண்டும். காப்பாற்றப் போன இரண்டாமவரும் போய்விடும் துயரம் இந்தத் தொழிலில் திரும்பத் திரும்ப நடக்கிறது.

மழை: தோட்டத்து அலுவலகத்தில் மழைமானி இருக்கும், கேட்டால் சொல்வார்கள். 24 மணித்தியாலத்தில் 75 மில்லிமீற்றர் என்பது மண்சரிவுக்கான முதல் எச்சரிக்கை அளவு, 100 இரண்டாவது, 150 என்றால் வெளியேற வேண்டிய அளவு. நான் 75 வரை காத்திருப்பதில்லை. அடை மழை தொடங்கினாலே ஆட்களை வெளியே எடுத்துவிடுவேன்.

இன்னொன்று, எலி. பழைய குழாயோடு எலி வளையும் இருக்கும். கையில் காலில் காயத்தோடு அந்தச் சேற்றில் இறங்குவது எலிக்காய்ச்சலை அழைப்பது. பூட்ஸும் கையுறையும் போடுங்கள். வேலை தொடங்குமுன் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் தடுப்பு மாத்திரை பற்றிக் கேளுங்கள்.

குழாயை மாற்றும்போது

பழைய குழாய் சாம்பல் நிறத்தில், நார்நாராகத் தெரிந்தால் அது அஸ்பெஸ்டஸாக இருக்கலாம். அரைக்கும் இயந்திரம் போட வேண்டாம். நனைத்து, பொருத்தில் கழற்றி, தாளில் சுற்றி வெளியே எடுங்கள். மண் குழாயை வெட்டுமுன் மேற்பக்கம் மிஞ்சும் துண்டுக்கு முட்டுக் கொடுங்கள். இல்லாவிட்டால் அதுவும் அடுத்த பொருத்தில் முறியும்.

புதியது 110 மில்லிமீற்றர் பி.வி.சி. மெல்லியது வேண்டாம், டைப் 600 போடுங்கள். பசை ஒட்டும் பொருத்தைவிட இறப்பர் வளையப் பொருத்தே எனக்கு விருப்பம். ஒன்று, நிலம் அசைந்தால் அது கொஞ்சம் இடம் கொடுக்கும். மற்றது, பசையின் ஆவி சுரங்கத்துக்குள் தலையைச் சுற்றும், தீயும் பிடிக்கும். பழைய மண் குழாயோடு சேரும் இடத்தில் மறுபடி சீமெந்துச் சாந்து பூசாதீர்கள். எந்தப் பிழையால் பழையது கெட்டதோ அதையே திரும்பச் செய்வதாகும். இரும்புப் பட்டி போட்டு இறுக்கும் இறப்பர் உறை கிடைக்கிறது, அதைப் போடுங்கள்.

வீழ்ச்சி 40க்கு 1 என்றால் மீற்றருக்கு 25 மில்லிமீற்றர். 60க்கு 1 என்றால் மீற்றருக்கு 17. இந்த இரண்டுக்கும் நடுவில் வையுங்கள். உள்ளே ஸ்பிரிட் மட்டத்தை மட்டும் நம்ப வேண்டாம், நீர் நிரப்பிய தெளிவான குழாயால் இரு முனைக்கும் மட்டம் எடுங்கள். குழாய்க்கு அடியில் நாலங்குல மணல். சுவரைத் துளைத்துப் போகும் இடத்தில் குழாயைச் சுற்றி இரண்டு அங்குலம் வெளி விட்டு, சுவரின் இரு பக்கமும் இரண்டடிக்கு மேற்படாத குறுந்துண்டுகளைப் பொருத்துங்கள். சுவர் இறங்கினாலும் குழாய் முறியாமல் மடங்கிக் கொடுக்கும்.

மண் மூடுமுன் நீர்ச் சோதனையை மறுபடி செய்யுங்கள். மூடிய பிறகு செய்யும் சோதனையில் கசிவு தெரிந்தால் அழத்தான் முடியும்.

நிரப்புவது

வேலையில் பாதி இதுதான், கூலியில் பாதியையும் இதற்கே ஒதுக்குங்கள். தூரத்து முனையிலிருந்து தொடங்கி, ஆறங்குலம் ஆறங்குலமாக மண் போட்டு, கட்டையால் இடித்து, முட்டுகளை ஒவ்வொன்றாகக் கழற்றிக்கொண்டு பின்னால் வர வேண்டும். மேலே கடைசி ஒரு அடியை மண்ணால் நிரப்ப முடியாது, இடிக்க இடமில்லை. அங்கே ஒரு பங்கு சீமெந்துக்கு மூன்று பங்கு மணல், கையில் பிடித்தால் உருண்டை நிற்கும் அளவு மட்டும் ஈரம். பலகையால் தள்ளித் தள்ளி, தரையின் அடியைத் தொடும்வரை அடைக்க வேண்டும்.

என் ஆரம்ப காலத்தில் ஒரு வீட்டில் இந்தக் கடைசி அடியை அவசரத்தில் மண்ணால் மூடிவிட்டு வந்தேன். இரண்டாவது மழைக்காலத்தில் அந்த அறையின் தரை நடுவில் அமுங்கியது. குழாயில் ஒரு சொட்டுக் கசிவில்லை. பழைய பொந்தை எடுத்துப் புதிய பொந்தை வைத்துவிட்டு வந்திருந்தேன். அந்தத் தரையை என் செலவில் உடைத்துப் போட்டுக் கொடுத்தேன்.

நிரப்பியது சரிதானா என்பதை மிஞ்சிய சாக்குகள் சொல்லும். வெட்டிய மண் இளகி, கால் பங்காவது பெருகும். நன்றாக இடித்தால் மறுபடி ஒடுங்கும். குழாயும் மணலும் மேற்சாந்தும் பிடித்த இடத்துக்குச் சரியான மண் மட்டுமே வெளியே மிஞ்ச வேண்டும். பாதிச் சாக்குகள் கிடக்கின்றன என்றால், உள்ளே இடிக்கவில்லை.

முடிந்த பிறகு

மூன்று மாதத்தில் மறுபடி மெதுவாக இறங்கினால் கண்ணாடிச் சோதனை செய்து பாருங்கள். பிறை தெரிந்தால் குழாய்க்கு அடியில் மணல் போதவில்லை. தரையை மறுபடி தட்டிப் பாருங்கள். கீழ் மதிலின் ஈரம் உடனே காயாது. களிமண் விடுவதற்கு ஒரு வறட்சிக் காலம் முழுதும் ஆகலாம். ஆனால் நாற்றம் இரண்டு வாரத்தில் போக வேண்டும். போகவில்லை என்றால் இன்னொரு கசிவு இருக்கிறது, அது மேல்வீட்டின் குழாயாகவும் இருக்கலாம். சுவரில் ஒட்டிய கண்ணாடித் துண்டுகளை ஒரு முழு மழைக்காலம் முடியும்வரை கழற்ற வேண்டாம்.

குழாய் எந்தச் சுவரிலிருந்து எத்தனை அடியில், எத்தனை ஆழத்தில் போகிறது, பொருத்துகள் எங்கே, சாந்து நிரப்பியது எதுவரை என்று ஒரு தாளில் கோடு போட்டு, திகதி எழுதி, பிளாஸ்டிக் உறைக்குள் வைத்து மின்சார மீற்றர் பெட்டியின் கதவுக்குப் பின்னால் ஒட்டிவிடுங்கள்.